சொன்னதை மட்டும் எழுது

அத்தியாயம் ஒன்பது

சந்தோஷத்தில் தூக்கம் போவது டீச்சருக்குப் பழக்கமில்லாத விஷயம். கவலையில் போயிருக்கிறது, முதுகு வலியில் போயிருக்கிறது, பக்கத்து வீட்டு நாயால் பல தடவை போயிருக்கிறது. நேற்று ராத்திரி அறுபத்திரண்டு என்கிற ஒரு எண்ணால் போனது. விடிகிற நேரத்தில் எழுந்தபோது உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. மனசு மட்டும் தூங்கி எழுந்த குழந்தையாய்த் துள்ளிக்கொண்டிருந்தது.

அந்த அறுபத்திரண்டு ரேடியோ வாங்கிய மார்க்.

ரேடியோவை இன்றைக்குத்தான் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரி. வாய் ஓயாததால் வந்த பெயர். எதையும் ஒரு தரம் காதில் வாங்கினால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால்தான் தொல்லை. எழுத்தெல்லாம் அவள் கண்ணுக்கு இடம் மாறிக்கொள்ளும். பேனாவைப் பிடித்தால் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். "நான் கிளாஸ்ல இடம் மாறி உக்காந்தா திட்டறீங்க டீச்சர். இந்த எழுத்துங்களை மட்டும் யாரும் திட்டறதில்ல" என்பாள்.

சிரிப்புக்காரி என்று சோம்பேறிப் பட்டம் கட்டிவிட வேண்டாம். அவள் அம்மா தையல் கம்பெனியில் சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிறவள். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் எழுத்துக் கூட்டிக் கூட்டி அவள் பாடம் வாசிக்க, மகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பாள். அப்படிக் கேட்டே பத்தாம் வகுப்பு வரை வந்து சேர்ந்தவள்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் பரீட்சையில் வாயால் சொல்ல, இன்னொருவர் எழுதலாம் என்று ஒரு சலுகை உண்டு. அந்த எழுதுகிற ஆளுக்கு ஆபீஸ் பாஷையில் ஸ்க்ரைப் என்று பெயர். அந்தச் சலுகையை வாங்க டீச்சர் ஏறி இறங்காத படி இல்லை. கிடைத்த பிறகு எழுத ஆள் இல்லை. ஸ்க்ரைப் ஒரு வகுப்பாவது கீழே படிக்கிறவராக இருக்க வேண்டும் என்பது விதி. கடைசியில் ஒன்பதாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கும் தன் மகளையே டீச்சர் பிடித்து உட்கார வைத்தாள். மகள் எந்த முகத்தோடு சம்மதித்தாள் என்பதும், அன்றைக்கு அந்த வீட்டில் கதவு எப்படிச் சாத்தப்பட்டது என்பதும் போன வாரம் வந்தவர்களுக்கு மறந்திருக்காது.

மாதிரித் தேர்வு நடந்தது. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். அறிவியலில் ரேடியோவுக்கு அறுபத்திரண்டு. திருத்தியவள் டீச்சர்தான். விடைகள் கொஞ்சம் அழகாக இருந்தன. அவ்வளவு சந்தோஷத்தில் அதையெல்லாம் யார் யோசிப்பார்கள்.

வாசல் கதவு திறந்தது. ராத்திரி பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவர் ஷூவைக் கழற்ற ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு ஷூவுக்கும் இன்னொரு ஷூவுக்கும் நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போடுகிற மனிதர்.

"என்ன டீச்சரம்மா, விடியறதுக்குள்ள சிரிப்பு?"

"அறுபத்திரண்டுங்க."

"யாரு, நம்ம பொண்ணா? அவ அறுபத்திரண்டு எடுத்தா வீட்டுல அழுகைச் சத்தம்தானே கேக்கும்."

"ரேடியோங்க."

ஒரு காலில் ஷூவோடு அவர் நிமிர்ந்தார். "பரவாயில்லையே. நீ பட்ட பாட்டுக்குக் கை மேல பலன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் வரும்போது நம்மவ ரூம்ல லைட் எரிஞ்சுது. எட்டிப் பார்த்தேன். தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கிட்டா. அவளுக்கு நடிக்க வராது. என்னன்னு கேளு."

"சாயங்காலம் கேக்கறேங்க."

"உன் சாயங்காலத்தையெல்லாம் ரேடியோவுக்கு எழுதிக் குடுத்துட்டியே. நான் ராத்திரி வேலைக்காரன், என்னை விடு. அவ தினமும் ஒத்தையில உக்காந்து சாப்பிடறா."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் டீச்சர் பதிலுக்கு ஒரு பிடி பிடித்திருப்பாள். நாள் முழுக்க நிற்கிற கால், கட்டுக் கட்டாகத் திருத்துகிற கண், தொண்டை கமறல் என்று அவளிடமும் கணக்கு நிறைய உண்டு. அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஷூவைக் கழற்றப் போய்விட்டார். 

மகள் சீருடையோடு வந்து ரொட்டியைப் பிய்த்தாள். பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பையைத் தூக்கினாள்.

"போயிட்டு வரேன் டீச்சர்."

பள்ளிக்கூடத்துக்குள் அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டவள் டீச்சரே. வீட்டுக்குள் அந்த வார்த்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தது. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு டீச்சர் தலைவாரப் போனாள்.

பத்தாம் வகுப்புக்குப் பெரிய டீச்சர் வந்திருந்தார். தலைமையாசிரியையைப் பள்ளிக்கூடமே அப்படித்தான் கூப்பிடும். முட்டி வலிக்காரர். மாடி ஏறி வந்ததே பெரிய சமாசாரம்.

"அறுபத்திரண்டாமே. எங்கே அந்த அதிசயப் பிறவி?"

ரேடியோ முன்னால் வந்து நின்றாள். "அறுபத்திரண்டா, இருபத்தாறா? நல்லாப் பாருங்க பெரிய டீச்சர். எனக்கு நம்பரும் சில சமயம் திரும்பி நிக்கும்."

வகுப்பு சிரித்தது. பெரிய டீச்சரும் சிரித்தார். அப்படியே போயிருந்தால் இந்த வாரம் நமக்கு வேலை இல்லை.

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. ரேடியோவால் தன் விடைத்தாளைத் தானே படித்துக்கொள்ள முடியாது என்பதால், ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் அவளைப் பக்கத்தில் நிறுத்தி முழுவதையும் வாசித்துக் காட்டுவாள். எங்கே சரி, எங்கே தப்பு என்று அவள் காதால் தெரிந்துகொள்வாள். இடைவேளையில் இரண்டு பேருக்குள் நடக்கிற காரியம் அது. அன்றைக்குப் பெரிய டீச்சர், "இங்கேயே வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்" என்றார்.

டீச்சர் வாசித்தாள். ரேடியோ கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முதல் விடைக்கு உதட்டில் சிரிப்பு இருந்தது. இரண்டாவதுக்கு அது கொஞ்சம் சுருங்கியது.

"இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே எடுத்துச் செல்லும் குழாய் தமனி."

"அது நான் இல்ல டீச்சர்."

"எது?"

"தமனின்னு நான் சொல்லல. சிரைன்னு சொன்னேன். அந்த ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி, எனக்கு எப்பவும் குழப்பம். யாரு வீட்டை விட்டுப் போறவ, யாரு வீட்டுக்குத் திரும்பி வர்றவன்னு ஞாபகம் இருக்காது. அன்னிக்கும் யோசிச்சு யோசிச்சுத் தப்பாத்தான் சொன்னேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. "மேல வாசிங்க" என்றார்.

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டாள். வாசித்தாள். "இது என்னுது" என்றாள் ரேடியோ. அடுத்ததுக்கு, "இது என்னுது இல்ல. இவ்வளவு சுத்தமான தமிழ் எங்க வீட்டுல யாருக்கும் வராது." அதற்கடுத்தது அவளுடையது. அதற்கடுத்தது பாதி. பாதி வழியில் அவளுக்கே விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் மார்க் போகிறது என்று தெரிந்து குரல் இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. தானாகவே கடைசிவரை சொன்னாள். டீச்சர் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். போட்ட மார்க்கைத் திருப்பி எடுப்பது இவ்வளவு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

கடைசியில் இருபத்தொன்பது நின்றது. அதை டீச்சர் சத்தமாகச் சொல்லாமல் தாளைப் பெரிய டீச்சரிடம் நீட்டினாள்.

தன் அறையில் பெரிய டீச்சர் கதவைச் சாத்தினார். "நிஜப் பரீட்சையில இது நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ரெண்டு பொண்ணுங்களையும் வெளிய தள்ளியிருப்பாங்க. ஸ்க்ரைப் வேண்டாம்னு நான் எழுதிடறேன்."

"அவளால கையால ஒரு பக்கம்கூட முடிக்க முடியாது பெரிய டீச்சர். ஸ்க்ரைப் இல்லேன்னா அவளுக்குப் பரீட்சையே இல்ல."

"உங்க பொண்ணுதானே பண்ணினா?"

"என் பொண்ணுதான்."

பெரிய டீச்சர் முட்டியைத் தடவிக்கொண்டார். கெட்டவர் இல்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து களைத்துப் போனவர். "மத்தியானம் ரெண்டு பேரையும் இங்கே உக்கார வைங்க. நான் கேள்வி கேக்கறேன். அவ சொன்னதை மட்டும் இவ எழுதணும். ஒரு வார்த்தை மாறினாலும் ஸ்க்ரைப் கிடையாது."

சாப்பாட்டு வேளையில் மகள் பள்ளிக்கூடத்துப் பின்பக்கக் குழாயடியில் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். டப்பாவில் இருந்ததெல்லாம் குப்பைக்கூடையில் கிடந்தது.

"ஏன் இப்படிப் பண்ணே?"

"என்ன பண்ணினேன் டீச்சர்?"

"டீச்சரை விடு. அம்மாவாக் கேக்கறேன்."

"அம்மா ஸ்கூலுக்கு வர்றதில்ல டீச்சர். இப்பல்லாம் வீட்டுக்கும் வர்றதில்ல."

டீச்சர் குழாயை மூடினாள். மகள் மறுபடி திறந்தாள். தண்ணீர்ச் சத்தம் இருந்தால் பேசச் சுலபம் போலிருக்கிறது.

"அவ சிரைன்னு சொன்னா. நானும் சிரைன்னுதான் எழுதப் போனேன். தப்புன்னு தெரிஞ்சும் எழுத என் கை வரல. ஒண்ணை மாத்தி எழுதினதும் அடுத்தது தானா வந்துடுச்சு. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல."

"அது மட்டும்தானா?"

கழுவின டப்பாவையே அவள் திரும்பக் கழுவினாள்.

"அவ பாஸாயிட்டா நீ சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவேன்னு நெனைச்சேன்."

ரேடியோ மேல் மகளுக்குப் பொறாமை, வெறுப்பு, இன்னும் என்னென்னவோ என்று டீச்சர் எண்ணியிருந்தாள். அதற்கெல்லாம் திட்டு தயாராக இருந்தது. இதற்கு இல்லை. குழாயடித் திட்டில் உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது, அதைவிட அசதியாக இருந்தது. ஊரார் பிள்ளையின் ஒவ்வொரு தடுமாற்றமும் தெரிந்தவளுக்குச் சொந்தப் பிள்ளை தனியாகச் சாப்பிடுவது இன்று காலையில் ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

"மத்தியானம் பெரிய டீச்சர் முன்னால எழுதணும்" என்றாள். "அவ தப்பாச் சொன்னா தப்பாவே எழுதணும். முடியுமா உன்னால?"

மகள் டப்பாவின் மூடியை அழுத்தினாள். "தெரியல" என்று சொல்லிவிட்டு டப்பாவோடு போனாள்.

அவள் தலை மறைந்த பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன் என மகள் சொன்னதற்குத் தான் பதிலே சொல்லவில்லை. அப்போதும் ரேடியோவைப் பற்றித்தான் பேசியிருந்தாள்.

பெரிய டீச்சரின் அறையில் மேசைக்கு ஒரு பக்கம் ரேடியோ, மறுபக்கம் மகள். அலமாரி ஓரமாக டீச்சர் நின்றாள். வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

"இதயத்தின் வேலை என்ன?"

"இதயம் ஒரு பம்பு" என்று ஆரம்பித்தாள் ரேடியோ. "உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளி விடும். கரண்ட் போனா மோட்டார் நிக்கும், இது நிக்கக் கூடாது. லீவும் கிடையாது, எங்கம்மா மாதிரி." எதிரே பேனா ஓடுவதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "தங்கச்சி, அதை எழுதாதே. அது சும்மா சொன்னது."

"சொன்னதை எழுதணும். வேண்டாம்னா அடிக்கச் சொல்லு, அடிக்கறேன்."

ரேடியோ யோசித்தாள். "இருக்கட்டும். பொய் இல்லையே."

பெரிய டீச்சர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். இன்னும் சில கேள்விகள் போயின. பாதி சரி, பாதி தப்பு, எல்லாம் ரேடியோவின் பாஷையிலேயே தாளில் ஏறின. தப்பு வந்தபோதெல்லாம் மகளின் நெற்றி சுருங்கியது, பேனா நிற்கவில்லை. காலையில் வாசித்துக் கேட்ட தமனியை ரேடியோ இப்போது மறக்காமல் சொன்னாள். "அவதான் வீட்டை விட்டுப் போறவ" என்று சேர்த்துக்கொண்டாள்.

"கடைசிக் கேள்வி. நுரையீரல்ல சுத்தமாகி வர்ற ரத்தம் இதயத்தோட எந்தப் பக்கத்துக்கு வருது?"

ரேடியோ தன் இரண்டு கைகளையும் மேசையில் விரித்துப் பார்த்தாள். அவளுக்கு இடமும் வலமும் எப்போதும் சண்டை. முதல் நாள் சாயங்காலம்தான் இதே கேள்வியை டீச்சர் பத்துத் தடவை கேட்டு, பத்துத் தடவையும் இடது என்று சரியாகச் சொல்லியிருந்தாள்.

"வலது பக்கம்."

பேனா நின்றது.

 டீச்சருக்குத் தொண்டை கமறியது. ஒரு செருமல் போதும். ரேடியோவின் காது அதைப் பிடித்துவிடும், உடனே மாற்றிச் சொல்லிவிடுவாள். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரும்புவதற்கு முன் மகளின் கண் ஒரு தடவை அவள் கண்ணைச் சந்தித்தது. இன்று காலை வரைக்கும் சரியான விடையைத் தவிர வேறெதையும் எழுதித் தெரியாத பிள்ளை. 

பிறகு பேனா தாளில் உரசுகிற சத்தம் கேட்டது.

பெரிய டீச்சர் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். வலது என்றே இருந்தது. மகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்திருந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு அவள் பட்ட பாடு எந்தப் பரீட்சைக்கும் பட்டதில்லை. டீச்சருக்கு அவளை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பள்ளிக்கூடம் என்பதால் நின்றுவிட்டாள். நிற்காமல் இருந்திருக்கலாம்.

"ஸ்க்ரைப் இருக்கட்டும்" என்றார் பெரிய டீச்சர். "நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க."

கதவு மூடியது. டீச்சர் விட்ட மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் அடுத்த பேச்சு வந்துவிட்டது.

"ஆனா இருபத்தொன்பது எடுக்கிற பொண்ணை நான் எப்படிப் பரீட்சைக்கு அனுப்பறது? ஒரு ஃபெயில்கூட இருக்கக் கூடாதுன்னு மேல இருந்து தினமும் போன் வருது. நாளைக்கு அவங்க அம்மாவை வரச் சொல்லுங்க. இந்த வருஷம் வேண்டாம், வீட்டுல இருக்கட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க."

"அடுத்த வருஷம்னு வீட்டுல உக்கார வெச்ச பொண்ணு திரும்பி வந்து பாத்திருக்கீங்களா பெரிய டீச்சர்?"

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "இல்ல" என்றார். "இருந்தாலும் வரச் சொல்லுங்க."

மாடிப்படியில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அறையின் ஜன்னல் அவர்கள் தலைக்கு மேலேதான் திறந்திருந்தது. மகள் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே அவள் காதில் எல்லாம் விழுந்துவிட்டது என்று தெரிந்தது. எதையும் தவற விடாத ரேடியோவின் காதில் ஒன்றும் விழவில்லை. அவள்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாளே.

"டீச்சர், காலைல அடிச்சு அடிச்சு எடுத்தீங்களே, கடைசில எவ்வளவு மிச்சம்? கேக்கவே பயமா இருந்துச்சு."

"இருபத்தொன்பது."

"இருபத்தொன்பதா?" ரேடியோ எழுந்து நின்றாள். "அதுல தங்கச்சியோடது ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"முழுசா என்னுதா?"

"முழுசா உன்னுதுதான்."

போன வருஷம் இதே அறிவியலில் அவள் வாங்கியது ஏழு. அதையும் டீச்சர்தான் வாசித்துக் காட்டினாள். ரேடியோ ஒன்றும் பேசாமல் நின்றாள். அவள் பேசாமல் நின்று டீச்சர் பார்த்ததில்லை. பிறகு பையை முதுகில் ஏற்றினாள்.

"டீச்சர், நாளைக்கு எங்கம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமா? நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பாது."

டீச்சரின் பையை மகள் மெல்ல வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "அம்மா" என்றாள் சன்னமாக, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே. "சொல்லும்மா, ஏதாவது சொல்லு."

டீச்சர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்டை நோக்கிப் பாதி தூரம் ஓடிவிட்டுத் திரும்பிக் கத்தினாள்.

"எங்கம்மா எதுக்கும் லீவு போடாது டீச்சர். இதுக்குப் போடும்."